மேலே பட்ட அடியைக் கீழே இறக்காமல் இருப்பது எப்படி: ஒரு ரப்பர் கடைக்காரியின் வழிமுறை

பனச்சமூட்டுச் சந்தையை ஒட்டி எங்கள் ரப்பர் ஷீட் கடை. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். வெள்ளறடையிலிருந்து வருகிறவர்கள் என்னைச் சேச்சி என்பார்கள், கடையாலுமூடு, அருமனைப் பக்கத்தவர்கள் அக்கா என்பார்கள். வீட்டுக்காரர் இறந்த பிறகு கடையை நான்தான் பார்க்கிறேன். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இருப்பதால், வாலிபப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "லோகமே அநியாயமாக இருக்கும்போது நாம் மட்டும் நியாயம் பார்த்தால் பிழைக்க முடியுமா அக்கா?"

பிழைக்கலாம். எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். ஆனால் "அன்பாயிருங்கள், எல்லாரையும் சமமாக நினையுங்கள்" என்று சொல்லப்போவதில்லை. நினைப்பை நம்பி நியாயம் செய்ய முடியாது. காலையில் இருக்கிற நினைப்பு மத்தியானம் இருக்காது. மனசு மாறினாலும் மாறாதபடி சில ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

முதலில் அநியாயம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

எங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரில் பெரும்பகுதி போய்ச் சேர்வது டயர் கம்பெனிகளுக்கு. வெளிநாட்டுச் சந்தை இறங்கினால் அவர்கள் வாங்குவதைக் குறைப்பார்கள். பெரிய வியாபாரி எனக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைப்பார். சில நேரம் விலை இறங்காமலேயே "ஷீட்டில் ஈரம்" என்று சொல்லிக் குறைப்பார். நான் என்ன செய்யலாம்? அந்த இரண்டு ரூபாயை ஷீட் கொண்டுவருகிறவரிடம் மூன்று ரூபாயாகப் பிடிக்கலாம். தோட்டக்காரர் அதைப் பால் வெட்டுகிறவருக்குக் கொடுக்கும் கூலியில் பிடிப்பார். அவர் வீட்டில் போய் யாரிடம் பிடிப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒருவரும் தன்னை அநியாயக்காரர் என்று நினைப்பதில்லை. எல்லாரும் "என்னிடம் பிடித்தார்கள், நான் பிடிக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன் வெளியே வந்து, நூறு வெள்ளிப்பணத்துக்காகக் கூட வேலை செய்கிறவனின் தொண்டையை நெரிக்கிறான். நாம் அவனையும் மிஞ்சி விடுகிறோம். நம்மிடம் பிடுங்கியவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, நமக்குக் கடனே படாதவரின் தொண்டையைப் பிடிக்கிறோம்.

ஆகவே முதல் வேலை, உங்களுக்கு மேலே இருப்பவரால் வந்த நஷ்டத்துக்குத் தனியாக ஒரு பக்கம் வைப்பது. என் நோட்டில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. பெரிய கடையில் காரணமில்லாமல் கழித்ததெல்லாம் அதில் ஏறும். அது கடையின் நஷ்டம். அடுத்து ஷீட்டோடு வருகிறவருக்கு அதில் சம்பந்தமில்லை. எழுதி வைக்காவிட்டால் அந்தக் கோபம் தராசுக்குப் போய்விடும். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்களும் இதைச் செய்யலாம். மேலதிகாரி காரணமில்லாமல் ஏசினாரா? தேதி போட்டு எழுதுங்கள். அதன் பிறகு வீட்டுக்குப் போங்கள்.

சந்தை விலையே நிஜமாக இறங்கினால் நானும் இறக்கத்தான் வேண்டும். அது வேறு. அதை எல்லாருக்கும் ஒன்றாக, சொல்லிவிட்டு இறக்க வேண்டும்.

ஆள் வருவதற்கு முன்னால் தீர்மானியுங்கள்

ரப்பர் போர்டு கோட்டயம் விலையைத் தினமும் வெளியிடுகிறது, பத்திரிகையிலும் வருகிறது. நான் காலையில் கடை திறந்ததும் அதைப் பார்த்து, என் ஏற்றுக்கூலி, லாரிச் செலவு, லாபம் போக என்ன கொடுக்க முடியுமோ அந்த விலையைப் பலகையில் எழுதிவிடுவேன். முதல் ஷீட் படி ஏறும் முன் எழுதிவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ஆளைப் பார்த்துவிட்டால் கணக்கு வளையும். சபைக் கமிட்டிக்காரர் வந்தால் ஒரு விலை, சந்தைக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு விலை, போன வாரம் என்னிடம் முறைத்தவருக்கு இன்னொரு விலை என்று ஆகிவிடும். பலகையில் எழுதியதை அழித்து எழுதுவதற்கு எனக்கே வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் எனக்குத் தேவைப்படுகிறது.

தராசில் செய்யக்கூடிய வேலைகள் நிறைய உண்டு. பன்னிரண்டே முக்கால் கிலோவைப் பன்னிரண்டரை என்று வாயால் சொல்வது. சாக்குக் கழிவு என்று சாக்கின் எடைக்கு மேல் கழிப்பது. நல்ல ஷீட்டைத் தரம் குறைந்த லாட் என்று சொல்லி விலை குறைப்பது. கோப்பையிலும் பட்டையிலும் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலில் அழுக்குக்கு என்று ஒரு மொத்தக் கழிவு. இவை எல்லாமே "தொழிலில் உள்ள வழக்கம்" என்ற பெயரில் நடக்கின்றன. நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் தொடங்குவதே "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்றுதான். ஜெபத்தைப் பற்றியோ காணிக்கையைப் பற்றியோ அல்ல, தராசைப் பற்றி.

நான் செய்து வைத்திருப்பது இது. தராசின் எண் தெரிகிற பக்கம் விற்கிறவரைப் பார்த்து இருக்கும். நான்தான் எட்டிப் பார்க்க வேண்டும். காலிச் சாக்கை முதலில் போட்டுக் காட்டி, எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டு நிறுப்பேன். ஈரம் இருந்தால் வாயால் சொல்வதில்லை. ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் கிடப்பதைக் காட்டுவேன். அதற்கு எவ்வளவு கழிவு என்பதும் பலகையின் அடியில் எழுதியிருக்கும். அவருக்குச் சம்மதமில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொண்டு போய் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையில் இன்னும் ரெண்டு நாள் போடட்டும். மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். அதிகாரி வரும்வரை காத்திருக்காமல் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கடை இல்லாதவர்களுக்கும் இப்படிப் பலகைகள் உண்டு. டீச்சராக இருந்தால், விடைத்தாள் திருத்துவதற்கு முன் எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் என்று எழுதிவிட்டு, பெயர் இருக்கும் பக்கத்தை மடித்துவிட்டுத் திருத்துங்கள். சபையில் உதவித் தொகை கொடுக்கும் பொறுப்பில் இருந்தால், யாருக்குக் கொடுப்பது என்று பேசும் முன் எப்படிப்பட்டவருக்குக் கொடுப்பது என்று தீர்மானம் எழுதுங்கள். மனு வந்த பிறகு எழுதுகிற விதி அந்த மனுவுக்காகவே எழுதின விதியாக இருக்கும்.

கூலி

கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19. சூரியன் அஸ்தமிக்கும் முன் கொடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்கிறது உபாகமம் 24. இதற்கு விளக்கவுரை தேவையில்லை. சாயந்தரம் கடையை அடைக்கும் முன் கொடுங்கள். சில்லறை இல்லை, வங்கி விடுமுறை, நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்பதெல்லாம் நம் வசதி.

எங்கள் தொழிலில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. இலை உதிர்ந்து தளிர்க்கும் தை, மாசியிலும் பல தோட்டங்களில் வெட்டு நிற்கும். அந்த நாட்களில் வெட்டுகிறவர் முன்பணம் கேட்பார். கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்தை வைத்து அவரைக் கட்டிப்போடக் கூடாது. "என் முன்பணம் தீரும்வரை வேறு தோட்டத்துக்குப் போகாதே" என்று சொன்னால் அதற்குப் பெயர் உதவி இல்லை. இந்தத் திருவிதாங்கூர் மண்ணில் ஆளை நிலத்தோடு சேர்த்து விற்றிருக்கிறார்கள். 1855இல்தான் அரச விளம்பரம் அதை நிறுத்தியது. நம்மில் பலருடைய பாட்டனின் பாட்டன் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவர். அதனால் முன்பணத்தைத் தனி நோட்டில் எழுதி, வாரத்துக்கு எவ்வளவு பிடிப்பது என்று இருவரும் பேசிக்கொண்டு, அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அவர் போக வேண்டுமென்றால் போகட்டும். மீதியைத் தவணையில் தருவார். சிலர் தரமாட்டார்கள், அதுவும் உண்டு. அதை நஷ்டப் பக்கத்தில் எழுதுங்கள்.

பெண்களுக்குக் குறைத்துக் கொடுப்பதை இனியாவது நிறுத்துங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் வந்தாகிவிட்டது. ஷீட் தரம் பிரிக்கிற வேலையில் ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் நின்றால் ஒரே கூலி. "அவளுக்கு வீட்டுக்காரன் சம்பாதிக்கிறானே" என்பார்கள். வேலைக்குத்தான் கூலி, வீட்டு நிலவரத்துக்கு இல்லை.

இப்போது செங்கல் சூளையிலும் தோட்டத்திலும் அஸ்ஸாம், வங்காளம், ஒடிசாப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஆள் கூட்டி வருகிற ஏஜென்டிடம் மொத்தமாகப் பணம் கொடுக்காதீர்கள். கைபேசியில் கணக்குப் போட்டு, அந்தப் பிள்ளையே எண்ணைப் பார்க்கும்படி காட்டி, அவன் கையில் கொடுங்கள். பெயரைக் கேட்டுக் கூப்பிடுங்கள். எகிப்தில் அந்நியராக இருந்தவர்களுக்கு அந்நியனின் மனசு தெரியும், ஆகவே அவனை ஒடுக்காதே என்பது யாத்திராகமத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் வளைகுடாவுக்குப் போகாத ஆள் உண்டா? அங்கே நம் பையனை எப்படி நடத்த வேண்டுமென்று ஜெபிக்கிறோமோ, அதையே இங்கே செய்தால் போதும்.

வழக்கு உங்கள் முன்னால் வந்தால்

சபைக் கமிட்டி, ஊர், குடும்பம் எங்கேயாவது ஒரு நாள் நம்மை நடுவராக உட்கார வைத்துவிடுவார்கள். முதலில் பேசுகிறவர் சொல்வது நியாயமாகத்தான் தோன்றும், மற்றவர் வந்து கேள்வி கேட்கும்வரை. இதுவும் நீதிமொழிகள்தான், 18ஆம் அதிகாரம். அதனால் எனக்குச் சொந்தக்காரராக இல்லாதவரை முதலில் பேசச் சொல்வேன். சொந்தக்காரர் சொல்வது எப்படியும் வீட்டில் வந்து காதில் விழுந்துவிடும். வழக்கில் என் நாத்தனாரோ மச்சினனோ இருந்தால் எழுந்து போய்விடுவேன். "நான் பாரபட்சம் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

லேவியராகமம் 19:15 பெரியவனின் முகத்துக்கு அஞ்சாதே என்பதோடு நிற்கவில்லை. சிறியவனுக்கும் முகதாட்சிணியம் செய்யாதே என்கிறது. இது பலருக்கு உறுத்தும், எனக்கும் நெடுநாள் உறுத்தியது. இரக்கம் வேண்டுமானால் தீர்ப்புச் சொன்ன பிறகு உங்கள் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். எதிராளியின் பையிலிருந்து இரக்கம் காட்ட உங்களுக்கு அதிகாரமில்லை.

வீட்டுக்குள்

கடையில் நேர்மையாக இருப்பது எளிது, நாலு பேர் பார்க்கிறார்கள். சொத்தைப் பிரிக்கும்போது பார்க்க யாருமில்லை.

எங்கள் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்தில் இருந்தது. பழைய திருவிதாங்கூரில் 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் ஒன்று உண்டு. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால்வாசி, அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சில பிரிவினருக்கு விலக்கு இருந்தது, ஆனாலும் மனசு எல்லாருக்கும் அந்தச் சட்டத்தின்படிதான் பழகியது. கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986இல் தீர்ப்பு வந்தது. 1951 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றார்கள். அதன்படி உயில் இல்லாவிட்டால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, மகன் மகள் என்ற பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? மகளை ஒதுக்கி உயில் எழுதத் தொடங்கினார்கள். உயில் எழுதாத வீட்டில் அண்ணன்மார் தங்கையைக் காரில் ஏற்றிப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவளும் போடுவாள். நிலத்தைவிட அவளுக்குப் பெரிது, பிறந்த வீட்டுக் கதவு நாளைக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது. அந்தப் பயத்தின்மேல் வாங்குகிற கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்லிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு முன் வரிசையில் உட்காருகிறோம்.

செய்ய வேண்டியது இது. ஒரு தாளில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். மகளுக்குப் போட்ட நகை, கொடுத்த ரொக்கம் எல்லாம் எழுதுங்கள். சரி, மகனுடைய எஞ்சினியரிங் பீஸ், விசாச் செலவு, அவன் கட்டின வீட்டுக்கு நீங்கள் கொடுத்த மரம், அதையும் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் முதல் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம், இரண்டாவது பட்டியல் இருப்பதே ஞாபகமில்லை. எழுதி முடித்தால் "அவளுக்குத்தான் எல்லாம் செய்தாயிற்றே" என்ற பேச்சு பாதியாகக் குறைந்துவிடும். அப்புறம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். மகளிடம் போனில், மகனிடம் நேரில் என்று வேண்டாம். மருமக்கள் இல்லாமல் முதல் பேச்சு நடப்பது நல்லது. எந்தப் பத்திரத்திலும் அன்றைக்கே கையெழுத்துக் கேட்காதீர்கள். நகலைக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், தனக்கு வேண்டிய வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவள் மனதார விட்டுக்கொடுத்தால் அது அவள் கொடுக்கிற தானம். அதற்கு நன்றி சொல்லிப் பழகுங்கள்.

எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர் மோசேயின் முன்னால் வந்து நின்று எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கர்த்தர் அவர்கள் கேட்டது சரி என்றார். சொத்துக் கேட்கிற பெண்ணை "பிசாசு பிடித்தவள்" என்று சொல்கிற வீடுகளில் இந்த அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் வாசிக்கலாம்.

சபையில்

பொன்மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்கார வைத்து, கந்தை உடுத்தவனைத் தரையில் உட்காரச் சொல்வதை யாக்கோபு கண்டிக்கிறார். இங்கே அது சபை விருந்தான அசனத்தில்தான் நன்றாகத் தெரியும். பெரியவர்களுக்குப் பாரிஷ் ஹாலில் மேசை, மற்றவர்களுக்குப் பந்தலில் வரிசை. ஒரே வரிசை வையுங்கள். கமிட்டிக்காரர்கள் கடைசியில் நிற்கட்டும். சோறு குறைந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

சாதியைப் பற்றி நீட்டப்போவதில்லை. தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை வரலாறு மயிலாடியில் மகாராசன் வேதமாணிக்கத்திடம் தொடங்குகிறது. அவர் அழைத்த பிறகுதான் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் இங்கே வந்தார். வேதமாணிக்கம் அன்று தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் பேரைச் சொல்லி ஆண்டுவிழா கொண்டாடிவிட்டு, கல்யாணத் தரகரிடம் "நம்ம ஆளாக மட்டும் பாரும்" என்று சொல்கிறோம். வரன் தேடுகிறவர்கள் தரகரிடம் கொடுக்கிற தாளில் அந்த ஒரு வரியை எழுதாமல் விடுங்கள். செய்முறை அவ்வளவுதான். கஷ்டம் எவ்வளவு என்பது எழுதாமல் விட்டுப் பார்த்தால் தெரியும்.

உங்களுக்கே அநியாயம் நடந்தால்

கீழே இறக்காதே என்றால் வாயை மூடிக்கொள் என்று அர்த்தமில்லை. பிலிப்பி பட்டணத்தில் அதிகாரிகள் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் ரகசியமாகப் போகச் சொன்னபோது பவுல் போகவில்லை. அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். நியாயத்தை மேலே பார்த்துக் கேளுங்கள். முதலில் தனியாக, பிறகு இரண்டு பேரோடு, அதற்கும் மேல் எழுத்தில். ரசீது வாங்குங்கள், நகல் வையுங்கள். அந்த நஷ்டப் பக்கத்துக்கு இங்கேதான் வேலை. பெரிய கடைக்காரரிடம் தேதியும் தொகையுமாகக் காட்டினால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். காட்டினபோதெல்லாம் பணம் திரும்பி வந்ததில்லை. ஆனால் அடுத்த லாரிக்கு ஈரக்கழிவு போடும்போது என் ஆளைக் கூப்பிட்டு ஷீட்டைக் காட்டுகிறார்கள்.

கீழே இருப்பவரும் ஏமாற்றுவார். ஒட்டுப்பால் சாக்கின் அடியில் கல் வைப்பார்கள், மரப்பட்டையும் மண்ணும் கலப்பார்கள். ஏழை என்பதால் பார்க்காதது போல விடவும் வேண்டாம், சந்தை முழுக்கக் கேட்கக் கத்தவும் வேண்டாம். சாக்கை அவர் முன்னாலேயே கொட்டுங்கள். கல்லை எடுத்துத் தனியே நிறுத்து, அந்த எடையை மட்டும் கழியுங்கள். அபராதம் என்று சேர்த்துக் கழிக்காதீர்கள். அடுத்த முறை அவர் வரும்போது எல்லாருடைய சாக்கையும் கொட்டிப் பார்க்கிற வழக்கம் கடையில் வந்திருக்கட்டும், என் சித்தப்பா மகனுடைய சாக்கு உட்பட. போன வாரம் அவன் சாக்கிலும் ஒரு செங்கல் துண்டு இருந்தது.